மருந்தும் மைத்ரியும்

அயல் தேசத்தாரின் நேசத்தைச் சேனா பலத்தால் மட்டும் சம்பாதித்துவிட முடியாது. ஆபத்துக் காலத்தில் செய்யும் உதவி, ஸ்தானிகர்களின் நூறு பிரசங்கங்களைவிட அதிகம் பேசும். 2021 ஜனவரி 20-ந் தேதி, 'தடுப்பூசி மைத்ரி' என்ற பெயரால் இந்தியா பூட்டானுக்கு 1,50,000 டோஸ்களும் மாலத்தீவுக்கு 1,00,000 டோஸ்களும் அனுப்பியது. தனவந்த தேசங்கள் தங்களுக்கென்று மருந்தைச் சேகரித்துக்கொண்டிருந்த சமயம் அது. ஆகவே, அதனால் விளைந்த கீர்த்தி நியாயமானதே.

ஆனால், சில மாதங்களுக்குள் இங்கே இரண்டாவது அலை மூண்டது, ஏற்றுமதி நின்றது. சொந்த ஜனங்கள் மடிகையில் அவர்களுக்கே முதலிடம் என்பதை எவரும் ஆக்ஷேபிக்க முடியாது. எனினும், நமது மருந்தை நம்பி முதல் ஊசி போட்டுக்கொண்ட பூட்டான் ஜனங்கள் இரண்டாவதற்குக் காத்து நின்றனர். அவர்களுக்கு வேண்டியிருந்தது சில லட்சம் டோஸ்களே. ஜூலையில் அமெரிக்கா 5,00,000 டோஸ்கள் அளித்தது, இதர தேசங்களும் உதவின, குறை தீர்ந்தது.

இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் உதவியைச் சுருக்குவதன்று. வாக்களிக்கும் முன்னரே கையிருப்பைக் கணக்கிட்டு, தொடங்கியதை முடிப்பதற்கான பங்கைத் தனியே ஒதுக்கி வைப்பதே ராஜதந்திரம். தானத்தால் வரும் புகழ் சில நாளையது. சொன்ன சொல் தவறாமையால் வரும் நம்பிக்கையே நிலைத்த மூலதனம் என்பது நமது அபிப்பிராயம்.