இளசும் முத்தலும்

“நேற்று ஒஉ கத்தை எழுத்தினேன். முடிவு இன்னும் வ்வில்லை.”

அப்பா எனக்கு அனுப்பிய மின்னஞ்சல் இது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக இருந்தவர். ‘நேற்று ஒரு கதை எழுதினேன், முடிவு இன்னும் வரவில்லை’ என்பதை மாணவன் எவனாவது இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் நோட்டுப் புத்தகம் சிவந்து போயிருக்கும்.

அப்பாவுக்கு வயது 76. விழித்திரையின் நடுப்பகுதி பழுதுபட்டதால் நான்கைந்து ஆண்டுகளாக எழுத்தைப் படிக்க முடிவதில்லை. ஓரப் பார்வை மிச்சமிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கோப்பிக்கடைக்குத் தனியாகப் போய்வருவார். திரையில் என்ன விழுகிறது என்பது மட்டும் தெரியாது. விரல்களை நம்பித்தான் தட்டச்சு. அதை அவர் குறையாக நினைத்ததே இல்லை. “பார்த்துத் தட்டுறவன் கத்துக்குட்டி” என்பார்.

அந்த விரல்கள்தான் சில மாதங்களாகப் பிசகின. கடிதங்கள் குறைந்தன. பாதியில் நின்ற சிறுகதையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவார். ஒருநாள் அவராகவே சொன்னார்: “விரல்ல வலு போச்சு தம்பி. எழுத்தும் மறக்குது போல.” நானும் என் மனைவியும் சமையலறையில் தணிந்த குரலில் பேசி, பலதுறை மருந்தகத்தில் நினைவாற்றல் பரிசோதனைக்கு நாள் வாங்கினோம். அவருக்குச் சொல்லும்போது, ‘வழக்கமான செக்கப்’ என்றோம்.

முடிச்சை அவிழ்த்தவள் தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகள். தாத்தாவின் கடிதங்களை அவருக்கே வாசித்துக் காட்டுவது அவள் வேலை. “அப்பா, தாத்தா ‘த’வை மட்டும் ரெண்டு தடவை போடுறாரு. ‘ர’வை முழுங்கிடுறாரு. மறதின்னா எல்லா எழுத்தும்தானே மறக்கணும்?” என்றாள்.

பழைய மின்னஞ்சல்களை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அப்பா பயன்படுத்துவது தமிழ்99. அதில் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் நடுவில் புள்ளி தானாக வந்துவிடும். ‘த’ ஒன்று கூடுதலாக விழுந்தால் கதை கத்தையாகும். எழுதினேன், எழுத்தினேன் ஆகும். ‘ர’ விழாமல் போனால் அதற்கு இரு பக்கமும் உள்ள இரண்டு ‘வ’ ஒட்டிக்கொண்டு ‘வ்வில்லை’ என்று நிற்கும். ‘த’ இருப்பது ஆங்கில எல் விசையில், ‘ர’ இருப்பது எம் விசையில். ஆக, பிசகுகள் அப்பாவின் மூளையில் இல்லை, இரண்டு மூன்று விசைகளில் இருந்தன.

(நம் ஊருக்கும் இந்தத் தமிழ்99க்கும் தூரத்து உறவு உண்டு. 1997இல் முதல் தமிழிணைய மாநாடு சிங்கப்பூரில்தான் நடந்தது; அதை முன்னின்று நடத்தியவர் நம் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித்தான் தமிழ்நாடு அரசு தமிழ்99ஐத் தரமாக ஏற்றது.)

புதிது வாங்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். வாங்கினேன். இளைஞர்கள் விரும்பும் மெக்கானிக்கல் விசைப்பலகை, நூறு வெள்ளிக்கு மேல். பஞ்சு போல அமுங்கும் விசைகள். அப்பா கையை வைத்து யோசித்தால் போதும், ஒரு வரி ‘த’வும் ‘ப’வும் ஓடிவிடும். இரண்டே நாளில் பெட்டிக்குத் திரும்பியது. அடுத்து மெலிதான ஒன்று. தட்டையான விசைகளில் விரலுக்கு இடம் பிடிபடவில்லை. அவருக்குத் தேவை அந்தப் பழைய பலகைதான். 2004இல் கணினியோடு சேர்ந்து வந்தது. உருண்டையான ஊதா நிறச் செருகி. யுஎஸ்பி மாற்றி ஒன்றைக் கோத்து இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். தூக்கிப் போடுமுன் ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும். இந்த முறை திறப்பதற்கு முன்பே அளந்தேன். சமையலறைத் தராசில் ஒரு வெள்ளி நாணயம் ஏழரை கிராம் சொச்சம் காட்டியது. நாணயம் விசையைவிட அகலம், பக்கத்து விசைகளில் முட்டும். அதனால் மகளின் அழிப்பானில் ஒரு துண்டு வெட்டி விசைமேல் வைத்து, அதன்மேல் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்கினோம். விசை ‘பொசுக்’கென்று உள்ளே போகும்போது எத்தனை நாணயம் என்று மகள் குறித்துக்கொண்டாள். பெரும்பாலான விசைகள் ஏழு நாணயத்தில் இறங்கின. அழிப்பானையும் சேர்த்தால் 60 கிராமுக்குப் பக்கம். இந்த வகைப் பலகைக்கு அது நியாயமான கணக்கு. ‘த’ நான்கு நாணயத்திலேயே சரிந்தது. ‘உ’வும் அப்படியே. ‘ர’ பன்னிரண்டு கேட்டது.

அதாவது, ஒரே கையில் ஒரு விரலுக்குக் கீழே வெண்ணெய், அடுத்த விரலுக்குக் கீழே கல். விசை கடினமாக இருந்தாலும் விரல் பழகிவிடும், மென்மையாக இருந்தாலும் பழகிவிடும். ஒவ்வொன்றும் ஒரு விதமாக இருந்தால் எதற்குப் பழகுவது?

கம்பியைப் பிடுங்கிவிட்டுத் திருப்பினேன். ஏறக்குறைய இருபது திருகாணிகள். கடைசி ஒன்று ஒட்டுத்தாளுக்கு அடியில் ஒளிந்திருந்தது. அது தெரியாமல் நெம்பியதில் ஓரம் லேசாக விரிந்தது. உள்ளே முறுக்குத் துணுக்கு, முடி, இறந்துபோன எறும்புகள். இருபது ஆண்டு தீபாவளி!

அமைப்பு எளிமையானதுதான். எல்லா விசைகளுக்கும் சேர்த்து ஒரே ரப்பர் விரிப்பு, ஒவ்வொரு விசைக்கும் ஒரு குமிழ். அதன் அடியில் மின்கோடுகள் அச்சிட்ட இரண்டு பிளாஸ்டிக் தாள்கள், அவற்றுக்கு நடுவே ஓட்டைகள் உள்ள மூன்றாவது தாள். விசையை அழுத்தினால் குமிழ் கொஞ்சம் எதிர்க்கும், பிறகு சட்டென்று மடங்கும். உள்ளே இருக்கும் சிறு முனை மேல்தாளை ஓட்டை வழியே கீழ்த்தாளோடு தொடவைக்கும். எழுத்து விழும். அந்தச் ‘சட்டென்று’தான் விரலுக்குக் கிடைக்கும் சேதி. கண் தெரியாதவருக்கு அது ஒன்றுதான் ரசீது.

அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “என்ன ரப்பர்?” என்றார். குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர், பால்மரத்தடியில் வளர்ந்தவர். “இது மரத்துப் பால் இல்லைங்கப்பா, சிலிகோன்” என்றேன். விரிப்பைக் கையில் கொடுத்தேன். கட்டைவிரலால் குமிழ் குமிழாக அமுக்கிக்கொண்டே போனார், சந்தையில் வெண்டைக்காய் பொறுக்குவதுபோல. “இது இளசு. இது இளசு. இது சரி. இது முத்தல்.” மகள் தாளோடு ஒப்பிட்டாள். நாணயம் சொன்னதை எல்லாம் விரல் சொன்னது. ஒரே ஓர் இடத்தில் முரண்பட்டது: நாணயத்துக்குப் பன்னிரண்டு கேட்ட ‘ர’வின் குமிழை அப்பா ‘சரி’ என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. ‘ர’வின் குமிழில் குறை இல்லை. விசையின் தண்டு ஏறி இறங்கும் குழாயில் பால் கோப்பி சிந்திக் காய்ந்து பசையாகி இருந்தது. இறுகலுக்குக் காரணம் அழுக்கு, தளர்ச்சிக்குக் காரணம் களைப்பு. ஆயிரக்கணக்கில் மடங்கி எழுந்த ரப்பர் சோர்ந்துவிடுகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

அழுக்குக்கு வைத்தியம் சுலபம். விசைகளைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு ஊறவைத்தோம். கழற்றுமுன் படம் எடுத்து வைப்பது நல்லது. குழாய்களைக் காது குடையும் பஞ்சால் துடைத்தோம். பிளாஸ்டிக் தாள்களை மட்டும் தண்ணீரில் போடாமல் மெல்லிய ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன்; மின்கோடுகளைத் தேய்த்தால் போய்விடும். எல்லாம் ஒரு நாள் மின்விசிறிக்கு அடியில் உலர்ந்தன. நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது குறைந்தபட்சம். பிறகு தண்டுகளில் ஊசிமுனை அளவு சிலிகோன் கிரீஸ்.

இங்கே ஒரு குற்ற ஒப்புதல். இடைவெளிப் பட்டைக்கு அடியில் இருந்த குமிழ் உப்பிக் கோணலாகி இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ‘கிறீச்’ சத்தம் வருகிறது என்று தையல் இயந்திர எண்ணெய் விட்ட மகான் நான்தான். பெட்ரோலிய எண்ணெய் இந்த ரப்பரை ஊதவைத்துவிடும். அப்பா அதைத் தடவிப் பார்த்து, “இது யாரு வேலை?” என்று மட்டும் கேட்டார்.

களைத்த குமிழுக்குப் புத்துயிர் கிடையாது, இடமாற்றம்தான். அதே விரிப்பில் ஸ்குரோல் லாக் என்றொரு விசை இருக்கிறது. இருபது ஆண்டில் அதை யாராவது தொட்டிருப்பார்களா? பக்கத்தில் பாஸ். வலது ஓரத்தில் எண் விசைகள், அப்பா அந்தப் பக்கம் போவதே இல்லை. கூரான கத்தியால் அந்தக் குமிழ்களைச் சதுரமாக வெட்டி எடுத்து, ‘த’, ‘உ’, இடைவெளி ஆகிய இடங்களில் பொருத்தினேன். களைத்தவை ஓய்வுபெற்று ஸ்குரோல் லாக் பக்கம் போயின.

முதல் முயற்சி சொதப்பல். நகராமல் இருக்கட்டும் என்று நான்கு பக்கமும் ஒட்டுநாடா போட்டேன். விசை இறங்கியது, எழுந்திருக்க மறுத்தது. குமிழ் மடங்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற அடியில் சிறு வாய்க்கால் விட்டிருக்கிறார்கள். அதைத்தான் நான் அடைத்திருந்தேன். நாடாவை எதிரெதிர் மூலை இரண்டில் மட்டும் விட்டு மற்றதை உரித்தபின் மூச்சு வந்தது.

மறுபடி நாணயம் அடுக்கவில்லை. அப்பாவையே உட்கார வைத்தோம். வரிசை வரிசையாகத் தட்டிப் பார்த்தார். ‘க’விடம் நின்றார். “இது அரை இளசு.” இன்னொரு எண் விசை தியாகம் செய்யப்பட்டது. ‘ல’விடம் மறுபடி நின்றார், பஞ்சும் கிரீஸும் மறுபடி. மூன்றாவது சுற்றில் எதுவும் சொல்லாமல் தட்டிக்கொண்டே போனார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

மருந்தகத்தில் வாங்கிய நாளை ரத்து செய்யவில்லை. ஆனால் எதற்குப் போகிறோம் என்று இந்த முறை உள்ளதைச் சொல்லித்தான் கூட்டிப்போனேன். வயதுக்குத் தக்க மறதிதான், கவலைப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். “கேள்வியெல்லாம் ரொம்பச் சுலபம்” என்று அப்பா வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார்.

கதையின் முடிவு வந்துவிட்டதாம். போன வாரம் பக்கத்து அறையிலிருந்தே எனக்கு மின்னஞ்சல் அனுப்பினார். நான்கு பக்கம். ‘கதை’ எல்லா இடத்திலும் கதையாகவே இருந்தது. ‘வருகிறேன்’ மட்டும் ஓர் இடத்தில் ‘வருகிளேன்’ என்று விழுந்திருந்தது. திருப்புளியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ‘ற’வையும் அதன் இடப்பக்கத்து ‘ள’வையும் மாறி மாறி அழுத்திப் பார்த்தேன். இரண்டும் சரியாகவே இறங்கின.

“அதை விடு தம்பி” என்றார் அப்பா. “அது என் தப்பு.”