குவாண்டம் எந்திரமும் ஓசூர்த் தொழிலாளரும்

ஓசூரில் இருந்து 40 கிலோமீட்டர் போனால் பெங்களூர். அங்கே, இந்திய விஞ்ஞானக் கழகத்தில், "குவாண்டம் கம்ப்யூட்டர்" ஆராய்ச்சி நடக்கிறது.

அது என்ன எந்திரம்?

சாதாரணக் கம்ப்யூட்டரில் எல்லாம் 0 அல்லது 1. அணுவின் உலகில் இரண்டும் கலந்த நிலையும் உண்டு. அதைக் கொண்டு கணக்குப் போடுவதே இந்த எந்திரம். சில கடினமான கணக்குகளை இது வெகு சீக்கிரம் முடித்துவிடும் என்று விஞ்ஞானிகள் நம்புகிறார்கள்.

இத்தகைய ஆராய்ச்சிகளுக்காக மத்திய அரசு 2023-ம் ஆண்டில் 6,003 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

"அது பெரிய படிப்புக்காரர்கள் சங்கதி. நமக்கு என்ன?" என்று ஓசூர் சும்மா இருக்கலாமா? கூடாது.

இந்த எந்திரங்களில் ஒரு வகை, மைனஸ் 273 டிகிரியை நெருங்கும் குளிரில்தான் வேலை செய்யும். அதற்கான குளிர்பெட்டியை பின்லாந்து போன்ற நாடுகளில் செய்கிறார்கள். மயிரிழை பிசகாமல் கடைந்த செம்புத் தகடுகள் அதற்கு வேண்டும்.

ஓசூர், கைக்கடிகாரமும் மோட்டார் சைக்கிளும் லாரியும் செய்யும் ஊர். கடைசல் வேலை அதற்குப் புதிது அல்ல.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத் தொழிற்பயிற்சிப் பள்ளிகளில் இந்த நுட்பத்தை இப்போதே சொல்லிக்கொடுக்க வேண்டும். காலம் கடந்து படித்தால், வேலை வேறு ஊருக்குப் போய்விடும். பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டால்தான் இது நடக்கும்.