வெளியாள் புத்தகமும் சாத்தனூர் கல்மரமும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தெரியும்தானே? பகடை உருட்டி, கூடி உக்காந்து கதை சொல்லி விளையாடுறது. கம்பெனி புத்தகம் போக, வெளியாளுங்க எழுதின துணைப் புத்தகங்களும் ஏகத்துக்கும் உண்டு. அதெல்லாம் சேர்த்தா ஆட்டமே கெட்டுடும்ங்கிறது எங்க பெரம்பலூர் செட்டுல ஒரு அண்ணன் கட்சி.

அவர் சொல்றதும் நியாயம்தான். போன மாசம் தம்பி ஒருத்தன் எங்கிருந்தோ ஒரு பிடிஎஃப் இறக்கி, அதுலேர்ந்து ஒரு மந்திரவாதியோட வந்தான். மூணு வாரம் உக்காந்து நான் தயார் பண்ணின சண்டை ஒரே ரவுண்டுல காலி. மத்தவங்க டீயை வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தர் அடுத்த வாரம் வரவே இல்ல.

ஆனாலும் நான் வெளிப் புத்தகம் பக்கம்தான். கம்பெனிக்காரங்களுக்கு நாம எப்பவும் தூரத்து ஊர். 1980ல வந்த அவங்க புத்தகத்துல இந்திரனும் காளியும் உண்டு, எத்தனை அடி தாங்குவாங்கன்னு கணக்கோட! (எங்க பாட்டிக்குத் தெரியாம இருக்கணும்.) ரஞ்சன்குடி கோட்டையை, சாத்தனூர் கல்மரத்தை, கடலே இல்லாத அரியலூர்ல கிடைக்கிற கடல் ஜந்து ஃபாசிலை நாமதானே எழுதணும்?

வழியும் இருக்கு. 2000ல குடுத்த திறந்த உரிமத்தை 2023 ஜனவரில மாத்தப் பார்த்தாங்க. ஆட்டக்காரங்க போட்ட கூச்சல்ல, அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ்ல விட்டுட்டாங்க. பேரைப் போட்டுட்டு யாரும் அதை வச்சு எழுதலாம், விக்கவும் செய்யலாம்.

இப்ப எங்ககிட்ட ஒரே கண்டிஷன்: கதை நடத்துறவர் முதல்ல படிக்கணும், ஒரு நேரத்துல ஒரு புத்தகம்தான். தம்பியோட மந்திரவாதி பாதி சக்தியோட கல்மரத்துக்குக் காவல் நிக்கிறான். வராம போனவர் திரும்ப வந்துட்டார். அண்ணன் மட்டும் இன்னும் முறைக்கிறார்.