அந்த ஸ்டிக்கர் நோயாளியிடமும் இருக்கட்டும்

இடுப்பு மூட்டு மாற்று அறுவை முதியவர்களுக்குத்தான் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் போகவில்லை. ஸ்டீராய்டு மருந்து, மது, சிக்கிள் செல் நோய் போன்றவற்றால் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் தடைபட்டு, முப்பதுகளிலேயே மூட்டை மாற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. அந்தச் செயற்கை மூட்டு சில ஆண்டுகளிலேயே பழுதானால், இன்னும் நாற்பது ஆண்டுகள் நடக்க வேண்டிய கால் அது. ஒவ்வொரு மறு அறுவையும் கொஞ்சம் எலும்பைத் தின்றுவிடுகிறது. அதனால் இளவயதினருக்கு எதை மாற்றுவது என்பதைவிட, எதைத் தொடாமல் விடுவது என்பதே பெரிய கேள்வி.

பழுதுக்குக் காரணம் நாள்பட்ட கிருமித்தொற்று என்றால் வேறு வழி குறைவு. பெரும்பாலும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்டை இடைக்காலமாக வைத்து, தொற்று அடங்கியபின் புது மூட்டு பொருத்துவார்கள். ஆனால் மூட்டின் கப்புக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனர் மட்டும் தேய்ந்திருந்தால் கதை வேறு. இடுப்பெலும்பில் பதிந்த கப்பும் தொடை எலும்புக்குள் இறங்கிய தண்டும் எலும்போடு இறுகப் பிடித்து, சரியான கோணத்திலும் இருந்தால், லைனரையும் தண்டின் கழுத்தில் பொருந்தும் பந்தையும் மட்டும் மாற்றினால் போதும். அதற்கு உள்ளே இருப்பது எந்த நிறுவனத்தின் எந்த மாடல், என்ன அளவு என்று தெரிய வேண்டும். தண்டின் கழுத்து நிறுவனத்துக்கு நிறுவனம் நுணுக்கமாக மாறும். கண்ணளவில் பந்து பொருத்த முடியாது. எக்ஸ்ரே எல்லாவற்றையும் சொல்லிவிடாது. விவரம் கிடைக்காமல் போனால், நன்றாக இருக்கும் தண்டையே தொடை எலும்பை நீளவாக்கில் பிளந்து எடுக்க நேரலாம். ஒரு காகிதம் இல்லாததற்கு இளைஞர் ஒருவர் கொடுக்கும் விலை இது.

மருத்துவமனையில்தான் பதிவு இருக்குமே என்பார்கள். உள்நோயாளி ஆவணங்களை மருத்துவர் மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்கின்றன 2002ஆம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் விதிகள். மூட்டு அதற்குப் பிறகுதான் பெரும்பாலும் தொல்லை தரும். டீபை நிறுவனம் தன் ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டை 2010இல் உலகெங்கும் திரும்பப் பெற்றபோது, ஐந்து ஆண்டுக்குள் எட்டில் ஒருவருக்கு மறு அறுவை தேவைப்பட்டதை இங்கிலாந்தின் மூட்டு அறுவைப் பதிவேடு காட்டியது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தும், பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இங்கே எலும்பு மருத்துவர்கள் தாமாக நடத்தும் பதிவேடு உண்டு. விருப்பமுள்ளவர்கள் மட்டும் தரும் தகவலால் எல்லா நோயாளிகளையும் தேடிப் பிடிக்க முடியாது. பதிவேடு கட்டாயமானால் மருத்துவர்மேல் பழி விழும் என்ற அச்சமும் எனக்குப் புரிகிறது. ஆனால் ஸ்வீடன் 1979 முதலே இடுப்பு மூட்டுப் பதிவேடு நடத்துகிறது. அறுவையைச் சீர்படுத்தத்தான் அது உதவியது.

தேசியப் பதிவேடு அமையும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. மூட்டுப் பெட்டிக்குள் மாடல், அளவு, லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் பல வருகின்றன. காப்பீட்டுப் பணம் கேட்கும் கோப்பில் அவற்றில் ஒன்றை ஒட்டி அனுப்புவது பல மருத்துவமனைகளில் வழக்கம்தான். இன்னொன்றை நோயாளியின் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒட்டித் தரச் சொல்லி அரசு நாளைக்கே உத்தரவிடலாம்.