மண்ணெண்ணெயில் ஓடின எஞ்சின்கள்

1932இல் போர்ட் கொண்டுவந்த வி8 எஞ்சினைப் பற்றி நாங்கள் மணிக்கணக்கில் கதைப்பம். 1990களின் பொருளாதாரத் தடைக்குள்ள வன்னியில கார்கள் எப்படி ஓடினதெண்டு கேட்டா முழிசுறம்.

சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவினம். மொரிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40 போன்ற பழைய கார்களில் அமுக்க விகிதம் குறைவு, அதனால் தாக்குப்பிடித்தன. 1917இல் வந்த அமெரிக்க போர்ட்சன் உழவு இயந்திரமும் இப்படித்தான் ஓடியது. அதைத் தொழிற்சாலையே அப்படிச் செய்து அனுப்பியது. இங்கே செய்தது எங்கட கராஜ் அண்ணைமார்.

2009 மேக்குப் பிறகு முள்ளிவாய்க்காலில் வாகனங்கள் எரிந்தும் துருப்பிடித்தும் குவிந்து கிடந்தன. அந்த இரும்பை இனி நாங்கள் காக்க ஏலாது. அந்தக் கைவேலை தெரிந்தவர்களுக்கும் வயது போகுது. ஊரில ஒரு பழைய மெக்கானிக் இருந்தால், இந்தக் கிழமையே போய்க் கேட்டு எழுதுங்கோ.