கரை கடக்குமிடம்

ஐப்பசி கார்த்திகைத் திங்கள்களில் வங்கக் கடலிற் புயல் தோன்றியதென்னும் செய்தி வந்தவுடன் நம்மவர் வினவுவது ஒன்றே: “எங்கே கரை கடக்கும்?” அஃது அயலூர் என்று தெரிந்தால் கவலை நீங்கி உறங்கச் செல்கின்றனர். அவ்வினாவையே முதல் வினாவாகக் கொள்ளும் வழக்கம் ஒழிதல் வேண்டுமென்பது என் துணிபு.

மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் 5-ஆம் நாள் ஆந்திரத்துப் பாபட்லாவை அடுத்துக் கரை கடந்தது. சென்னையோ அதற்கு முந்திய இரு நாட்களிலேயே வெள்ளக்காடாயிற்று. 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கருகே கரையேறிப் பல மணி நேரம் அசையாது நின்றது. பின்னர்க் கடலலையையே காணாத ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு இடிந்து வீழ, எழுவர் மண்ணுள் மடிந்தனர்.

ஒக்கிப் புயலோ நம் கரையைக் கடக்கவேயில்லை; 2017 நவம்பர் 30-ஆம் நாள் குமரிமுனைக்குத் தெற்கே கடல்வழியே சென்றது. பன்னாள் தங்கித் தொழில் புரிய ஆழ்கடல் சென்றிருந்த மீனவர் பலர்க்குக் கரையில் ஒலித்த எச்சரிக்கை எட்டவில்லை. குமரி மாவட்டத்துக் கடற்கரையூர்கள் பலவற்றில் அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்புத் திருநாள் கொண்டாட்டமின்றிக் கழிந்தது.

கரை கடக்குமிடத்திலும் தீங்கு ஒரு தன்மைத்தன்று. இப்புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்வன. ஆதலின், கீழ்க்கடலினின்று நம் கரையேறும் புயலின் மையத்திற்கு வடபால் காற்று நிலத்தை நோக்கி வீசி நீரை ஏற்றித் தள்ளும்; தென்பால் கடலை நோக்கி வீசும். வடக்கேயுள்ள குப்பத்துள் கடல் புகுந்திருக்க, தெற்கேயுள்ள குப்பத்திற் கடல் உள்வாங்கும். மையம் நேரே கடக்கும் ஊரிலோ காற்றுச் சட்டென ஓயும். புயல் போயிற்றென்று வெளிப்போந்தார் மீது எதிர்த்திசையினின்று மீண்டும் பாயும். இதனையறியாது உயிரிழத்தல் மிகக் கொடிது.

வானிலைத் துறையினர் மாவட்டந்தோறும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என நிறங்குறித்து அறிவிப்பது நன்றே. ஆயினும், சிவப்பென்று கேட்ட உழவன் அறிய விழைவது தன் ஏரிக்கரை தாங்குமா என்பது. மலையடிவாரத்தான் அறிய விழைவது தன் வீட்டின் பின்னுள்ள சரிவு நிற்குமா என்பது. இவற்றைத் தலைநகரில் இருப்போர் எங்ஙனம் சொல்வர்? ஊராட்சியாரே தத்தம் ஊரின் தாழ்நிலத்தையும், வலுவிழந்த கரையையும், பழைய வெள்ளம் ஏறிய அளவையும் கோடையிலேயே குறித்துவைத்து, எச்சரிக்கை வந்த அன்று, “இன்ன தெருவினர் மாலைக்குள் பள்ளிக்கூடம் சேர்க” என்று ஒலிபெருக்கியில் தெருவின் பெயர் சொல்லி அறிவித்தல் வேண்டும்.