முதல் மீன்தொட்டியா? முதல் மாசம் மீன் வாங்காதீங்க!

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் இருக்கும் தெருக்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். பைக்கின் பின்னால் உட்கார்ந்திருப்பவர் மடியில் புதுக் கண்ணாடித் தொட்டி, கையில் மீன் நீந்தும் பாலித்தீன் பை. தொட்டியும் மீனும் ஒரே நாளில் வீட்டுக்குப் போகின்றன. அந்த மீன்களில் பல அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பார்ப்பதில்லை.

நானும் அப்படி வாங்கியவன்தான். இரண்டடித் தொட்டி, கலர் கல், பிளாஸ்டிக் செடி, பத்து கப்பி மீன். "தண்ணி ஊத்தி அப்படியே விட்ருங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். ஐந்தாம் நாள் முதல் மீன் செத்தது. பத்தாம் நாள் மிச்சம் இரண்டு. இத்தனைக்கும் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. நோய் என்று நினைத்து நீல மருந்தை வேறு ஊற்றினேன்.

அது நோயே இல்லை. மீன் கழிவிலிருந்தும், தின்னாமல் மிஞ்சும் தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். அதற்கு நிறம் கிடையாது, கண்ணுக்குத் தெரியாது. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அளவோடு இருந்தால் நைட்ரேட்டை மீன்கள் தாங்கும். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேறிப் பெருக, பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டியில் அவை இல்லை. அதாவது, முதல் நாளே மீனை விடுவது கழிப்பறை கட்டாத வீட்டில் பத்து பேரைக் குடிவைப்பது மாதிரி.

நம்ம ஊரில் இது இன்னும் மோசம். வெயில் கூடக் கூட, தண்ணீரின் காரத்தன்மை ஏற ஏற, அம்மோனியாவின் விஷத்தன்மையும் ஏறும். மே மாதச் சென்னையில், காரத்தன்மை கொண்ட போர் தண்ணீரில் மீன் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் சொல்கிறேன், முதலில் செடி வாங்குங்கள். பிளாஸ்டிக் இல்லை, உயிருள்ள செடி. அம்மோனியாவைச் செடிகள் நேரடியாகவே உணவாக எடுத்துக்கொள்ளும். ஒரு மாதம் தொட்டியைத் தோட்டமாக மட்டும் வைத்திருங்கள்.

இன்ஸ்டாவில் பார்க்கும் பச்சைக் கம்பளத் தொட்டிகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ உலகம் முழுக்கப் பிரபலமாக்கிய பாணி அது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், சக்திவாய்ந்த விளக்கு, வாராவாரம் கத்தரி என்று வேலை வாங்கும். ஆரம்பத்தில் நமக்கு வாலிஸ்னேரியா, ஹைக்ரோஃபிலா, ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போதும். ஹைக்ரோஃபிலா நம்ம நீர்முள்ளிக்குச் சொந்தக்காரச் செடி. வேகமாக வளரும், அதனால் அம்மோனியாவையும் வேகமாகத் தின்னும். ஜாவா ஃபெர்னையும் அனுபியாஸையும் மட்டும் மணலில் புதைக்காதீர்கள். தடித்த தண்டு அழுகிவிடும். ஒரு கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிட்டால் போதும்.

பலர் கைவிடுவது இரண்டாவது வாரத்தில்தான். வாங்கிவந்த இலைகள் கண்ணாடி மாதிரி வெளுத்துக் கரைய ஆரம்பிக்கும். பயப்பட வேண்டாம். பண்ணைகளில் இந்தச் செடிகளைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியேதான் வளர்க்கிறார்கள். நீருக்குள் வந்ததும் பழைய இலையை உதிர்த்துப் புது இலை விடும். கரைந்த இலையை மட்டும் எடுத்துப் போடுங்கள், செடியை இல்லை. கண்ணாடியில் பழுப்பாகப் பாசி படிந்தாலும் துடைத்தால் போய்விடும். விளக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். ஜன்னல் வெயில் மட்டும் நேராக விழக் கூடாது.

சரி, வேறென்ன வேண்டும்? இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டி என்றால் ஐம்பது லிட்டருக்கு மேல் பிடிக்கும். மணல், கண்ணாடியோடு சேர்த்தால் ஒரு பெரிய ஆளின் எடை, எனவே கம்ப்யூட்டர் டேபிள் வேண்டாம். கழுவிய மணல், ஸ்பாஞ்ச் ஃபில்டர், விளக்கு. ஹீட்டர் வாங்கச் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள், சென்னையே ஹீட்டர்தான். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஆன்ட்டி-குளோரின் சொட்டு போட்டுவிட்டு ஊற்றுங்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் ஒரு மாத பாக்டீரியாவும் போச்சு. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

பாக்டீரியாவுக்குத் தீனி வேண்டுமே? இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள், அது அழுகி அம்மோனியா தரும். மீன் வளர்க்கும் நண்பர் இருந்தால், அவருடைய பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள். காத்திருப்பு பாதியாகக்கூடக் குறையலாம். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டி, அதற்குள் புது இலைகளும் வந்திருந்தால் தொட்டி தயார்.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பத்து நிமிடத்தில் பால் பாக்கெட் வீட்டுக்கு வரும் காலத்தில், "வெறும் செடியை எடுத்துட்டுப் போங்க, மீனுக்கு அடுத்த மாசம் வாங்க" என்று சொன்னால் நாம்தான் பக்கத்துக் கடைக்குப் போவோம். ஆனாலும் அவர்கள் சொல்லத்தான் வேண்டும். விற்பது உயிர். சொல்லும் கடை கிடைத்தால் விடாதீர்கள்.

ஒரு மாதம் கழித்து நான்கைந்து கப்பி மீன்களோடு ஆரம்பியுங்கள். கோல்டு ஃபிஷ் வேண்டாம், அது செடியைப் பிடுங்கித் தின்னும். 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் மீனும் வேண்டாம். விரல் அளவில் வாங்கினால் ஓரடிக்கு மேல் வளர்ந்து நிற்கும். இடமில்லை என்று அதை ஏரியில் கொண்டுபோய் விட்டவர்களால்தான் இன்று நம்ம ஏரிகளில் மீனவர் வலைகளில் அது மாட்டுகிறது. நீங்கள் வெட்டிப்போடும் செடியும் அப்படித்தான்: குப்பைக்குப் போகட்டும், இல்லை மாடித் தோட்டத்துக்கு உரமாகட்டும். ஏரிக்கு மட்டும் வேண்டாம்.